உறங்கிய முறையீடு

நீதிபதி விலைபோவது கொடுமை. அதை எடுத்துரைத்த முறையீடு கோப்புக்குள் உறங்குவது அதனினும் கொடுமை என்போம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லூசெர்ன் மாவட்ட நீதிபதிகளான சியவரெல்லா, கோனஹன் இருவரும் தனியார் சிறுவர் சிறைகளைக் கட்டியவரிடமும் அவற்றின் உரிமையாளரிடமும் ஏறத்தாழ 28 இலட்சம் டாலர் பெற்றனர். அற்பக் குற்றங்களுக்கும் பிள்ளைகள் அங்கே அடைக்கப்பட்டனர். கோனஹனின் முறைகேடுகளை அடுக்கி, 2006-இலேயே பெயரிடாத முறையீடொன்று மாநில நீதித்துறை ஒழுங்கு வாரியத்துக்குச் சென்றது. வாரியம் அதைக் கிடப்பில் போட்டது. அது உறங்கிய நாள்களிலும் பிள்ளைகள் சிறைபுகுந்தவண்ணம் இருந்தனர். 2009-இல் நடுவண் அரசு குற்றம் சாட்டிய பின்னரே மாநில உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான தீர்ப்புகளை நீக்கியது. 2011-இல் சியவரெல்லாவுக்கு 28 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

நீதிபதியின் நற்பெயரைக் காக்கவே விசாரணை மறைவாக நடக்கிறது என்பர். பொய்ப்புகாரிலிருந்து நேர்மையாளரைக் காப்பது முறையே. ஆனால், விசாரியாமல் இருப்பதற்கும் அம்மறைவே போர்வையானால், அது காப்பது நேர்மையாளரையா, கயவரையா? பெயரிடாதவருக்கு எங்ஙனம் பதில் தருவது என்று கேட்பீரோ? மக்களுக்குத் தாருங்கள். 'விசாரித்தோம், கண்டது இது' என்ற ஒரு சொல் போதும். அதைக் கேட்பது நீதிமன்றத்தை இழிவுபடுத்துவது அன்று. நீதியின்மீது நாம் இன்னும் நம்பிக்கை இழக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. முறையீட்டைப் பெற்றும் வாளாவிருக்கும் வாரியம் நடுநிலை காக்கவில்லை. குற்றத்துக்கே காவல் நிற்கிறது.