‘பேசாம இரு’ என்னும் புத்திமதி

கயத்தாறு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில், போன வருடம் ஒரு பிள்ளை தன் செல்போனை என்னிடம் நீட்டினாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை, வயது இருபத்து மூன்று. வரன் தேடும் ஆப்பில் அறிமுகமானவன் நான்கு மாதம் பேசியிருக்கிறான். கப்பலில் வேலை என்றிருக்கிறான். அவளுக்கு அனுப்பிய பரிசுப் பார்சல் டெல்லி கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது என்று சொல்லி, மூன்று தவணையாக 41,000 ரூபாய் வாங்கிவிட்டான். அதில் மகளிர் குழுவில் எடுத்த கடனும் உண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த சித்தி சொன்னார்: "வெளிய சொன்னா இவ பேருதான்க்கா கெடும். போனது போவட்டும், பேசாம இருன்னு சொல்லுதேன். கேக்க மாட்டேங்கா."

அக்கறையில் சொல்வதுதான். எங்கள் கரிசல் ஊர்களில் எந்த வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். பொட்டப்பிள்ளை என்றால் இரண்டு தடவை சொல்வார்கள். ஆனால் அதற்குச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூட நிற்கவில்லை. இந்தப் புத்திமதியால் தப்பிக்கிறவன் ஏமாற்றினவன் மட்டும்தான்.

போன பணம் போனதுதான் என்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்த விஷயம் அது. 1930 என்ற எண்ணுக்கு அடித்தால் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். மோசடிப் பணம் ஒரு கணக்கில் தங்காது. அங்கிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று மாறிக்கொண்டே போகும். எந்தக் கணக்கில் இன்னும் கிடக்கிறதோ அங்கே நிறுத்திவைப்பார்கள். 2024-இல் மட்டும் நாடு முழுவதும் இணைய மோசடியில் போனது 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். இந்த ஏற்பாட்டால் இதுவரை தடுத்து நிறுத்தியது 5,000 கோடிக்கு மேல் என்பதும் அதே அரசின் கணக்கு. போனதோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான். ஆனால் அந்தச் சிறிய தொகை, உடனே போன் எடுத்தவர்களின் பணம்.

கடை ஸ்டூலில் அவளை உட்காரவைத்து 1930-க்கு அடித்தோம். எந்த வங்கி, எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு, பணம் அனுப்பிய விவரத்தில் இருக்கும் பன்னிரண்டு இலக்க யூடிஆர் எண் என்ன. கேட்டது இவ்வளவுதான். எண் அவள் போனிலேயே இருந்தது. கை நடுங்கி இரண்டு தடவை தப்பாக வாசித்து மூன்றாம் தடவை சரியாகச் சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் அனுப்பிய 9,000 மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. மற்ற 32,000 அதற்கு முன்பே கைமாறிப் போயிருந்தது. முதல் தவணையிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சித்தியிடம் சொல்லவும் செய்திருக்கிறாள்.

அடுத்தது, எல்லாவற்றையும்விடக் கொடுமையான பேச்சு: அவளாத்தானே பேசினாள், அவளாத்தானே போனாள்? பணம் போன வழக்கில் இது முணுமுணுப்பாக இருக்கும். உடம்புக்குக் கேடு வந்த வழக்கில் இதுவே தீர்ப்பாகிவிடும். பொள்ளாச்சியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பெண்களோடு முகநூலிலும் நேரிலும் பழகி, நம்பவைத்து, கூட்டிப்போய், வீடியோ எடுத்து மிரட்டினார்கள். 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்த பிறகுதான் அது வெளியே வந்தது. அப்போதும் "இவளுக என்னத்துக்குப் போனாளுக" என்று டீக்கடையில் பேசினவர்களை நான் கேட்டிருக்கிறேன். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. ஆறு வருடம் பேசாமல் இருந்துவிடாத பெண்களால் வந்த தீர்ப்பு அது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. பழகச் சம்மதித்தது படுக்கச் சம்மதித்தது ஆகாது. படம் எடுக்கச் சம்மதித்தவள், அதை அடுத்தவனுக்கு அனுப்பவும் சம்மதித்தவள் ஆக மாட்டாள். அப்படி அனுப்பினால் குற்றம் என்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. கட்டிக்கொள்ளும் எண்ணமே இல்லாமல் கட்டிக்கொள்வதாகச் சொல்லி உறவு வைத்துக்கொண்டால் 69-வது பிரிவில் பத்து வருடம் வரை சிறை.

பேர் வெளியே வந்துவிடும் என்ற பயத்தை மட்டும் நான் லேசாகத் தள்ள மாட்டேன். பொள்ளாச்சியிலேயே அது நடந்தது. முதலில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல் துறை உயரதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார். அரசாணையிலும் பேர் வந்தது. மன்னிக்க முடியாத தவறு. அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பேரை வெளியிடுவது 72-வது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறைக்குரிய குற்றம். விசாரணையும் மூடிய அறையில்தான் நடக்கும். அந்த வழக்கில் சாட்சி சொன்ன மற்றப் பெண்கள் யார் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இதையும் சொல்ல வேண்டும்: ஊரில் பேரைப் பரப்புவது பெரும்பாலும் போலீஸ் அல்ல. நாம்தான்.

படத்தைக் காட்டி மிரட்டுகிறவனுக்குக் காசு கொடுத்தால் அதை அழித்துவிடுவான் என்று நம்பி நகையை அடகு வைக்கிறார்கள். கொடுத்த பிறகு அவன் கேட்பது நின்றதாக நான் ஒரு கதைகூடக் கேட்டதில்லை. மிரட்டினவன் எண்ணை முடக்குவதற்கு முன்னால், அவன் பேசியது எல்லாவற்றையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எதையும் அழிக்காதீர்கள். ஸ்டாப் என்சிஐஐ என்ற இணையதளத்தில், படத்தை யாருக்கும் அனுப்பாமல் உங்கள் போனிலேயே அதற்கு ஒரு எண் அடையாளம் உண்டாக்கிக் கொடுக்கலாம். அதைக்கொண்டு முகநூல், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்தப் படம் ஏறாமல் தடுக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் ‘டேக் இட் டவுன்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. அந்தரங்கப் படத்தைப் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்கிவிட வேண்டும் என்று 2021-இல் வந்த விதிகளே தளங்களுக்குச் சொல்லின; 2026-இல் அந்தக் கெடு இரண்டு மணி நேரமாகக் குறைந்தது. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பேர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் பேர் சொல்லாத புகார் என்ன ஆயிற்று என்று பிறகு பார்க்க முடியாது. படத்தை நீக்க மட்டும் அது போதும். ஆளைப் பிடிக்கப் பேர் வேண்டும்.

"அவன் எந்த ஊர்க்காரன்னே தெரியாது, எந்த ஸ்டேசனுக்குப் போக?" கயத்தாறு கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் கிடக்கிறது, மாவட்டத் தலைநகரோ தூத்துக்குடி. அதனால் இந்தக் கேள்வி இங்கே பெரிதாகத் தெரியும். பதில் சின்னது: எந்த ஸ்டேஷனுக்கும் போகலாம். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. இணையத்தில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பெண்களிடம் பழகிப் படமெடுத்து மிரட்டிய நாகர்கோவில் காசியின் வழக்கில் புகார் கொடுத்தவர் சென்னையில் இருந்த பெண் மருத்துவர். 2020-இல் கைதானவனின் லேப்டாப்பில் அழித்திருந்த படங்களையும் மீட்டெடுத்தார்கள். 2023 ஜூனில் சாகும்வரை ஆயுள் தண்டனை. நமக்குப் பக்கத்தில் நடந்த கதை இது. பாலியல் குற்றப் புகாரைப் பெண் காவலர்தான் எழுத வேண்டும். பதிவு செய்யாத காவலர்மேலேயே வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது. மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கு மேல் மாஜிஸ்திரேட். வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100-க்கு அடியுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

நாளாகிவிட்டது என்பார்கள். பயத்திலும் மானத்துக்கு அஞ்சியும் இப்படிப்பட்ட புகார் தாமதமாவது இயல்புதான், அதை வைத்தே வழக்கைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இலேயே குர்மீத் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. பொள்ளாச்சிப் பெண்ணும் சம்பவத்துக்குப் பல நாள் கழித்துத்தான் புகார் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு மட்டும் நாள் கடத்தாதீர்கள். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணி நேரம்தான் கணக்கு, முந்துவது நல்லது. போலீஸ் கடிதம் இல்லாமலே, அரசு ஆஸ்பத்திரி ஆனாலும் தனியார் ஆனாலும், இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பாலிதீனில் வைத்தால் ஈரம் கோத்துத் தடயம் கெட்டுவிடும். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 181. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி காட்டுவார்கள்.

ஆம்பளப் பயல்களுக்கு என்ன கேடு என்று நினைப்பதும் தவறு. வீடியோ காலில் சிக்கிச் சம்பளத்தை மாதாமாதம் மிரட்டுகிறவனுக்கு அனுப்பும் பையன்களும், ஆப்பில் பழகியவனைப் பார்க்கப் போய் அடிபட்டுப் போனையும் பறிகொடுத்தவர்களும் இங்கே உண்டு. மிரட்டிப் பணம் பறித்தால் நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவு ஆண் பெண் பார்க்காது, 1930-ம் பார்க்காது. ஆனால் வயதுக்கு வந்த ஆணுக்கு நடக்கும் வன்புணர்வுக்குப் புதிய சட்டத்தில் தனிப் பிரிவே இல்லை. பழைய சட்டத்தின் 377-வது பிரிவு போனதோடு அதுவும் போயிற்று. காயம், கொள்ளை, மிரட்டல் என்றுதான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும்.

அந்தப் பிள்ளை மறுநாள் சித்தியோடு ஒரு ஸ்டேஷனுக்குப் போனாள். நானும் போனேன். இரண்டரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஒருவர் வந்து, "எல்லாம் தெரிஞ்சுதானம்மா அனுப்பியிருக்க" என்றார். சித்தி தலை குனிந்துகொண்டார். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, போகலாம் என்றார்கள். வாசல் வரைக்கும் வந்தவள் வேப்பமர நிழலில் நின்று அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள். அது சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அது அத்தாட்சி. வழக்குப் பதிவாயிற்று என்பதற்கு அல்ல. முந்தின நாள் இதை அவளுக்குச் சொல்லியிருந்தேன். பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதையும்.

"நீங்க இரிங்க்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே நடந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற சித்தி, பையை என் கையில் கொடுத்துவிட்டு அவள் பின்னாலேயே போனார்.