நாவலுக்கு வேண்டியது நேரம்

சிறுகதை எழுதும் நம் பிள்ளைகளிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு நாவல் எழுதணும்" என்பார்கள். அடுத்த ஆண்டு கேட்டாலும் அதே பதில்தான். அறந்தாங்கி, ஆலங்குடி, கந்தர்வகோட்டை என எந்தப் பக்கம் போனாலும் இப்படிச் சொல்லும் தலித் இளைஞர்கள் உண்டு. அந்த 'எழுதணும்' ஏன் 'எழுதி முடிச்சிட்டேன்' ஆவதில்லை? திறமைக்குக் குறைவில்லை. நேரம் இல்லை. நேரமும் ஒரு சொத்து. நிலத்தைப் போலவே அதுவும் நமக்குக் குறைவாகத்தான் கிடைத்திருக்கிறது.

சிறுகதையை மனத்தில் சுமந்துகொண்டே களை பறிக்கலாம், கல் உடைக்கலாம், ஜவுளிக்கடையில் நின்று துணி மடிக்கலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் எழுதிவிடலாம். நாவல் அப்படி வராது. பத்து நாள் விட்டுப்போனால் நூல் அறுந்துவிடும். அதற்கு மாதக்கணக்கில் தொடர்ச்சி வேண்டும். இரவில் விளக்குப் போட்டால் யார் தூக்கமும் கெடாத ஓர் இடம் வேண்டும். ஒற்றை அறைத் தொகுப்பு வீட்டில் ஐந்து பேர் படுக்கும்போது, ஆறாவதாக நாவலுக்கு எங்கே இடம்?

"எழுதும் வெறி இருந்தால் நேரம் தானாக வரும்" என்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்தாளர் பூமணியின் வாழ்க்கையைப் பார்க்கட்டும். கோவில்பட்டி அருகே ஆண்டிபட்டியில் 1947இல் பிறந்தவர். 'வயிறுகள்' சிறுகதைத் தொகுப்பு 1975இல் வந்தது. முதல் நாவலான 'பிறகு' 1979இல் வந்தது. செருப்புத் தைக்கும் அழகிரியை நடுவில் நிறுத்தி ஒரு கிராமத்தின் கதையைச் சொன்ன நாவல் அது. அடுத்து வந்த 'வெக்கை'தான் பின்னாளில் 'அசுரன்' திரைப்படம் ஆனது. கூட்டுறவுத் துறை வேலையைப் பார்த்துக்கொண்டே எழுதியவர் அவர். மாதச் சம்பளம் அவருக்குக் கை கொடுத்தது.

அவருடைய பெரிய நாவல் 'அஞ்ஞாடி' 2012இல் வந்தது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. கழுகுமலைக் கலவரத்தையும் 1899 சிவகாசிக் கலவரத்தையும் தேடிப் படிக்க, பெங்களூரில் உள்ள கலை அறக்கட்டளை ஒன்று அவருக்கு நிதி நல்கியது. அந்த நாவலுக்கு 2014இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. வெறி அவருக்கு முன்பே இருந்தது. அதோடு சம்பளமும் ஆய்வு நிதியும் பல ஆண்டுகளும் சேர்ந்தபோதுதான் 'அஞ்ஞாடி' வந்தது. தன்னை 'தலித் எழுத்தாளர்' என்று அடைப்பதைப் பூமணி ஏற்பதில்லை. அதை மதிப்போம். அவர் நடந்த பாதையில் நம் பிள்ளைகளுக்குப் பாடம் இருக்கிறது.

இன்னொருவர் யாழ்ப்பாணத்து கே. டானியல். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட உழைப்பாளி. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் முன்னின்றவர். சிறுகதையில் தொடங்கி 1972இல் 'பஞ்சமர்' நாவலுக்கு வந்தார். 1986இல் அவர் உயிர் பிரிந்தது நமக்குப் பக்கத்துத் தஞ்சாவூரில். கிணற்றில் தண்ணீர் அள்ள உரிமை இல்லாத மக்களைப் பற்றி 'தண்ணீர்' என்றே ஒரு நாவல் எழுதியவர் அவர்.

தண்ணீர் என்றதும் நம் மாவட்டத்தாருக்கு வேங்கைவயல் நினைவுக்கு வரும். 2022 டிசம்பரில் அங்கே தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. வழக்கு நடக்கிறது, முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். எழுத்தாளருக்கு வேறு கேள்விகள் உண்டு. அந்தத் தொட்டி வருவதற்கு முன் அந்த மக்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள்? குடத்தோடு எவ்வளவு தூரம் நடந்தார்கள்? யாருடைய கிணற்றடியில் காத்துக் கிடந்தார்கள்? தொட்டியைப் பற்றிச் செய்தி வந்துவிட்டது, சிறுகதையும் எழுதிவிடலாம். மூன்று தலைமுறையின் தாகத்தைச் சொல்ல நாவல்தான் வேண்டும்.

நம் பழைய கதை எழுத்தில் எவ்வளவு இருக்கிறது? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர் நிலத்தில் வரி இல்லாத இடங்களைக் கணக்கிடும்போது 'பறைச்சேரி' என்ற சொல் வருகிறது. சேரியின் நிலம் கணக்கில் ஏறியது. அதில் வாழ்ந்தவர் பெயர் ஏறவில்லை. புதுக்கோட்டை சமஸ்தானமும் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டது. கோயிலுக்கு நிலம் தந்தவர் யார், விளக்குக்கு நெய் தந்தவர் யார் என்று அவற்றில் படிக்கலாம். அந்த நிலத்தில் சேற்றில் நின்றவரின் பேச்சு இன்று நம் பாட்டிகளின் நினைவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டி போகும்போதும் ஓர் அத்தியாயம் போகிறது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆதிதிராவிடர், பழங்குடியின எழுத்தாளர்களின் நூல்களை வெளியிடத் தமிழ் வளர்ச்சித் துறையின் நிதியுதவி உண்டு. நல்ல திட்டம். ஆனால் எழுதி முடித்த பிறகுதான் அந்த உதவி வருகிறது. நெல் அறுத்த பிறகு களம் தருகிறார்கள். நாற்று நடும்போது தண்ணீர் விட ஆள் இல்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகள். முதலாவது, நாவலுக்கான திட்டத்தோடும் எழுதிய சில அத்தியாயங்களோடும் வரும் இளம் எழுத்தாளர்களுக்கு ஓராண்டுக்கு மாத உதவித்தொகை. இரண்டாவது, அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் கட்டிய நூலகங்களில் பூட்டிக் கிடப்பவற்றை மாலை 6 முதல் 9 மணி வரை திறந்து, நாற்காலியும் மின்விசிறியும் போடுவது. மூன்றாவது, ஆதிதிராவிடர் நல விடுதி ஒவ்வொன்றிலும் படிக்கவும் எழுதவும் ஓர் அமைதியான அறை. மூன்றுக்கும் பெரிய செலவு ஆகாது. மனம்தான் வேண்டும்.

அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம், தம்பி தங்கைகளே. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வாரம் ஒரு பெரியவரிடம் உட்காருங்கள். வயலின் பெயர், கிணற்றின் பெயர், கூலி எத்தனை படி, யார் எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஒரே ஊர், ஒரே குடும்பத்தை வைத்துச் சிறுகதைகள் எழுதுங்கள். பத்துக் கதை சேர்ந்தால் நாவலுக்குப் பாதி வழி வந்துவிட்டீர்கள். திருக்கோகர்ணத்தில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. தமிழின் அரிய முதல் பதிப்புகளை அங்கே பார்க்கலாம். ஒருமுறை போய்வாருங்கள்.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தையும் சைக்கிளையும் சேர்த்துக் கொடுத்தது. கல்குவாரியில் வேலை பார்த்த பெண்களும் அன்று கையெழுத்துப் போடக் கற்றார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். பாட்டி எழுதியது கையெழுத்து. பேத்தி நாவல் எழுதட்டும். அதற்கு வேண்டிய நேரத்தைத் தருவது நம் எல்லோர் பொறுப்பு.