இத்தனூண்டுக்கு இங்கிலீஷில் என்ன?



நம் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். சிறிதாக எது வந்தாலும் நமக்கு "வெரி வெரி ஸ்மால்"தான்! பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் வெரி ஸ்மால், கசிகிற கரண்டும் வெரி ஸ்மால், காஸ்டிங்கில் விழுந்த விரிசலும் வெரி ஸ்மால்.

ஆனால் தமிழில் பேசும்போது இதே வாய் எத்தனை விதமாகச் சொல்கிறது! துளியூண்டு, கடுகளவு, எள்ளளவு, மயிரிழை, இம்மி... "ரெண்டு நூல் தள்ளுப்பா" என்று ஆசாரி சொன்னால் அது கால் அங்குலம் என்று கையாளுக்கும் தெரியும். அந்தக்கால வாய்ப்பாட்டில் முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. ஆக, சின்னதைச் சொல்லத் தெரியாதவர்கள் அல்ல நாம். இங்கிலீஷ் வார்த்தைகளை "அர்த்தம்: சிறிய" என்று ஒரே வரியில் மனப்பாடம் செய்ததுதான் கோளாறு.

'ஃபைன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். (லைப்ரரியில் கட்டுகிற ஃபைன் இல்லை!) நம் நீலகிரி ஃபேக்டரிகளிலிருந்து குன்னூர் ஏலத்துக்குப் போகும் தேயிலையில் 'சூப்பர் ஃபைன் டஸ்ட்' என்று ஒரு ரகம் உண்டு. அதை "மிக நல்ல தூசி" என்று மொழிபெயர்த்தால் எப்படி இருக்கும்? இங்கே ஃபைன் என்றால் துகள் பொடியானது என்று அர்த்தம். டஸ்ட் என்றால் குப்பை அல்ல, சல்லடையில் பிரிந்த அளவு. 1960-இல் நிறுவப்பட்டு இன்று மூடிக் கிடக்கும் நம் இந்து நகர் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்த தொழிலிலும் 'ஃபைன் கிரெயின்' என்ற பேச்சு உண்டு. பிலிமில் பூசும் வெள்ளி உப்பின் மணிகள் ஒரு மைக்ரானைச் சுற்றியோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் பெயரை 1967-இல் சர்வதேச அளவியல் மாநாடே நீக்கிவிட்டது, மைக்ரோமீட்டர் என்றுதான் சொல்ல வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் யார் கேட்கிறார்கள்!

அடுத்து, கிளாசில் வாசிக்கச் சொன்னால் பலரும் தடுக்கி விழும் ஒரு சொல். எழுத்து 'மினிட்' மாதிரியே இருக்கும், படிக்கும்போது 'மைன்யூட்'. இரண்டும் ஒரே வேர்தான். லத்தீனில் 'முதல் சிறு பங்கு' என்றது மினிட் ஆனது, 'இரண்டாம் சிறு பங்கு' என்றது செகண்ட் ஆனது. நம் முத்தொரையில் 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீள ரேடியோ டெலஸ்கோப், தூரத்து ரேடியோ மூலங்களை நிலா மறைக்கும் நேரம் பார்த்து அவற்றின் கோண அளவைக் கணித்தது. அந்த அளவுகள் செகண்டில்தான், அதாவது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு. அந்த டெலஸ்கோப் பிடிக்கும் அலையை 'ஸ்மால்' என்று சொல்லக்கூடாது, அது 'ஃபெயின்ட்'. அதன் நீளம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். சிறியது அதன் வலுதான்.

எனக்குப் பயம் தருவது 'நெக்ளிஜிபிள்' என்ற சொல். அதை நாம் 'மிகச்சிறிய' என்ற அர்த்தத்தில் அள்ளி வீசுகிறோம். உண்மையில் அது அளவே இல்லை, "விட்டுவிடலாம்" என்ற தீர்ப்பு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே நம் மலை ரயில் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது, சுமார் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். அந்தப் பல்லில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால் அது மைன்யூட்தான். நெக்ளிஜிபிளா? அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டியவன் லென்ஸ் வைத்துப் பார்த்தவன், ரெக்கார்டு காப்பி அடித்தவன் அல்ல.

"மார்க்குக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்று சீனியர்கள் கேட்பார்கள். மார்க்குக்கு வேண்டாம் அண்ணா. நாளைக்குக் கோவையிலோ ஓசூரிலோ நைட் ஷிப்ட் முடித்து லாக் புக்கில் "ஸ்மால் லீக்" என்று எழுதிவிட்டு நாம் தூங்கப் போய்விடுவோம். காலையில் வருகிறவன் வால்வைத் திறப்பதா மூடுவதா? "நிமிடத்துக்கு 10 சொட்டு" என்று எழுதியிருந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.