எச்சரிக்கைக்கும் ஊர்ப்பெயர் வேண்டும்

ஒரு காலத்தில் ஊருக்குச் செய்தி சொல்வதென்றால் தண்டோரா போடப்படும். ஏரி மதகு திறக்கும் நாள், வரி கட்டக் கடைசி நாள், தடுப்பூசி போட ஆள் வரும் நாள், ஆற்றில் வெள்ளம் வரும் நேரம் என எல்லாமே முச்சந்தியில் நின்று உரக்கச் சொல்லப்பட்டன. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலர் வெ.இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, இம்முறையைக் கைவிடுமாறும், வாகனங்களில் ஒலிபெருக்கி பொருத்தி அறிவிப்புகளைச் செய்யுமாறும் அறிவுறுத்தினார். ஒரு பிரிவினர் மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட இழிவை நீக்கிய அந்த முடிவு வரவேற்கத்தக்கது. அதிலிருந்து பின்வாங்கவே கூடாது.

பறை ஓய்ந்த இடத்தில் இன்று கருவிகளுக்குப் பஞ்சமில்லை. வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை சில நிமிடங்களில் செல்பேசிக்கு வந்துவிடுகிறது. மின்னல் விழக்கூடிய பகுதியை முன்கூட்டியே தெரிவிக்க புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி இருக்கிறது. 'டிஎன்-அலர்ட்' என்ற செயலியைத் தமிழக அரசும் வெளியிட்டிருக்கிறது. இவையெல்லாம் உயிர்காக்கும் முயற்சிகள் என்பதில் ஐயமில்லை.

ஆனால், இந்த எச்சரிக்கைகள் மாவட்டத்தோடு பேசுகின்றன, ஊரோடு பேசுவதில்லை. 'ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்' என்ற செய்தி, கீழத்தெருவில் சாய்ந்து நிற்கும் மின்கம்பத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. 'நீர்நிலைகளில் கவனமாகக் குளிக்கவும்' என்ற அறிவுரை, குளத்தில் மண் அள்ளியதால் படித்துறைக்கு அப்பால் திடீர்ப் பள்ளம் விழுந்திருப்பதைக் குறிப்பிடாது. கிராமத்தில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் இத்தகைய ஆபத்துகள்தாம்.

மூன்று நிகழ்வுகளை நினைவுகூர்வோம். 2019 அக்டோபர் 25 அன்று திருச்சி மாவட்டம், மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நாடே தொலைக்காட்சி முன் காத்திருக்க, 29-ஆம் தேதி அதிகாலையில் உடல்தான் மீட்கப்பட்டது. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்தனர். சாலை புதுப்பிக்கப்பட்டபோது அதன் மட்டம் உயர்ந்திருந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. அதே ஆண்டு ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டம், நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கச் சென்ற சிறுமிகள் உள்பட ஏழு பேர் மூழ்கி இறந்தனர்.

இம்மூன்றில் எதுவும் வானிலிருந்து திடீரென இறங்கிய பேரிடர் அல்ல. திறந்த குழாய், தாழ்ந்த கம்பி, ஆழம் தெரியாத நீர் ஆகியவை விபத்து நாளில் முளைத்தவை அல்ல; அன்றாடம் மக்கள் கடந்துபோன இடங்களிலேயே இருந்தவை. அவற்றை எழுதிவைத்து, சரிசெய்யும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடுதான் நம்மிடம் இல்லை.

புயலும் வெள்ளமும் தலைப்புச் செய்தியாகின்றன. அன்றாட ஆபத்துகளோ உள்பக்கத்தில் நான்கு வரியில் முடிந்துவிடுகின்றன. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் நாடு முழுவதும் நீரில் மூழ்கி இறந்தோர் 38 ஆயிரத்துக்கும் அதிகம். மின்னல் தாக்கி இறந்தோர் 2,887 பேர்.

சட்டமும் விதியும் இல்லாமலில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்கு 15 நாள்களுக்கு முன்பே நில உரிமையாளர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பணியிடத்தைச் சுற்றி வேலி அமைக்க வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும். கைவிடப்பட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று 2010-லேயே உச்சநீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. தமிழக அரசும் 2015-இல் ஊராட்சிகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. நடுக்காட்டுப்பட்டித் துயரம் இவற்றுக்கெல்லாம் பின்னர் நிகழ்ந்தது. தன் எல்லைக்குள் கைவிடப்பட்ட கிணறுகள் எத்தனை, அவை எங்கெங்கே உள்ளன என்ற பட்டியல் ஊராட்சியிடம் இல்லாதவரை, எந்த விதியும் காகிதத்திலேயே கிடக்கும்.

பட்டியல் ஏன் உருவாவதில்லை? ஒரு காரணம், கிராமத்து உறவுமுறை. பங்காளியின் நிலத்தில் மூடாமல் கிடக்கும் குழாயைச் சுட்டிக்காட்டினால் பகை மூளும் என்று அண்டை வீட்டார் வாயை மூடிக்கொள்கிறார்கள். இன்னொரு காரணம், அலுவலகத் தயக்கம். ஆபத்து என்று எழுத்தில் பதிவாகிவிட்டால், நாளை விபத்து நேரும்போது 'தெரிந்தும் ஏன் சரிசெய்யவில்லை' என்ற கேள்வி எழும். 'பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்' என்ற பொதுவான வாசகத்தில் அந்தச் சங்கடம் இல்லை. கவனமாக இல்லாதது இறந்தவரின் குற்றம் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது அது.

இதற்கு மாற்றாக, கிராம சபையையே பாதுகாப்பு அறிவிப்பின் களமாக்கலாம். ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. அந்த நாள்களும் பருவங்களோடு பொருந்தியே வருகின்றன. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-இல் கிணறுகளையும் ஆழ்துளைக் குழாய்களையும் கணக்கெடுக்கலாம். பள்ளி விடுமுறையும் கோடை இடிமழையும் சேர்ந்து வரும் மே 1-இல் குளம், குட்டை, மின்னல் குறித்துப் பேசலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக அக்டோபர் 2-இலும், மழைக் காலத்துக்குள் வரும் நவம்பர் 1-இலும் மின்கம்பங்கள், தரைப்பாலங்கள், இடிந்துவிழும் நிலையிலுள்ள சுவர்கள் ஆகியவற்றைப் பட்டியலிடலாம். கோயில் திருவிழாவுக்கு முன் தேர் செல்லும் பாதையை மின்வாரிய ஊழியரோடு ஒருமுறை நடந்து பார்க்கலாம்.

பட்டியல் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டியதில்லை. இடம், ஆபத்து, சரிசெய்ய வேண்டியவர் அல்லது துறை, கெடு நாள் என நான்கு விவரங்கள் போதும். நியாயவிலைக் கடை, பள்ளி, அங்கன்வாடி, பால் கூட்டுறவுச் சங்கம், ஊரக வேலைத் திட்டப் பணித்தளம் என மக்கள் கூடும் இடங்களில் அது ஒட்டப்பட வேண்டும். எழுத்தறியாத முதியோருக்காக ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட வேண்டும். மாநிலப் பேரிடர் உதவி எண் 1070, மாவட்டத்துக்கான 1077, மின்தடை, அறுந்த கம்பி பற்றிப் புகார் கூற 94987 94987 ஆகியவை அதன் அடியில் இடம்பெறலாம். அடுத்த கிராம சபையில் முதலில் பேச வேண்டியது, சென்ற பட்டியலில் எது முடிந்தது, எது முடியவில்லை என்பதே. ஊர் கூடிய இடத்தில் பொதுவாக வாசிக்கப்படும்போது, அது ஒருவர் மற்றவர்மீது சொல்லும் புகாராக இராது, ஊரின் தீர்மானமாகிவிடும்.

இதில் இன்னொரு சிக்கலையும் அரசு கவனிக்க வேண்டும். 2019-இல் தேர்தல் நடந்த 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பல ஊராட்சிகளைச் சேர்த்துக் கவனிக்கும் ஓர் அலுவலருக்கு, ஒவ்வொரு தெருவின் மின்கம்பமும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வீட்டு வாசலில் வந்து நின்று கேட்கக்கூடிய வார்டு உறுப்பினர் இல்லாத காலத்தில் எழுத்துப் பட்டியலின் தேவை இருமடங்காகிறது.

இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. விபத்துக்குப் பின் வழங்கப்படும் நிவாரணத் தொகையோடு ஒப்பிட்டால், ஒரு குழாய்க்கு மூடி போடும் செலவு மிகச் சிறியது. தேவைப்படுவதெல்லாம், 'கவனமாக இருங்கள்' என்று மக்களிடம் சொல்வதோடு நில்லாமல், 'இந்த இடம், இந்த நாளுக்குள், இவரால் சரிசெய்யப்படும்' என்று எழுதிக் கையொப்பமிடும் துணிவு.

பறை ஓய்ந்தது நல்லது. ஆனால் அது, அந்த ஊருக்கான செய்தியை அந்த ஊரின் முச்சந்தியில் நின்று சொன்னது. அந்தப் பணியை இனி யார் செய்வது என்பதை, அடுத்த மழை வருவதற்குள் ஒவ்வோர் ஊரும் முடிவு செய்தாக வேண்டும்.