முதல் சனிக்கிழமை நாற்காலி

பெங்களூரு மாநகராட்சிக் கவுன்சிலின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10 அன்று முடிந்தது. அடுத்த தேர்தலுக்கென்று 198 வார்டுகள் 243 ஆயின. ஆட்சி மாறியதும் 225 ஆயின. இரண்டு கணக்கிலும் ஓட்டுப்பதிவு நடக்கவில்லை. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்து, முதல்வரைத் தலைவராகக் கொண்ட கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் வந்தது. மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று பெயர் சூட்டிய நாளில் ஐந்திலும் சேர்த்து ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது.

இதன் அரசியலை நாளிதழ்கள் எழுதித் தீர்த்துவிட்டன. நகராட்சி அலுவலகங்களில் வேலை பார்க்கும் நமக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. கவுன்சிலர் இல்லாத அந்த ஆண்டுகளில் மக்களுக்கு எதிரே உட்கார்ந்தது யார்?

நோடல் அலுவலர்தான். பெங்களூருவில் வார்டு கமிட்டிகள் சட்டத்தில் இருந்தும் நெடுங்காலம் கூடவே இல்லை. நகரக் குப்பை தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் அழுத்திச் சொன்ன பிறகும், சிவிக், ஜனாக்ரஹா போன்ற குடிமக்கள் அமைப்புகள் விடாமல் நச்சரித்த பிறகும்தான் மாதத்தின் முதல் சனிக்கிழமை கூட்டம் என்ற வழக்கம் வந்தது. கவுன்சில் கலைந்ததும், கவுன்சிலர் உட்கார்ந்திருந்த கமிட்டித் தலைவர் நாற்காலி காலியானது. அதில் நோடல் அலுவலர் என்று அதிகாரி ஒருவரை உட்கார வைத்தார்கள். அதுவரை கோப்பும், பணிகளை அளந்து பதியும் எம் புக்கும் மட்டுமே பார்த்துப் பழகியவர், ஒரே நாளில் ஒரு வார்டின் முகமானார்.

அப்படி ஒரு கூட்டம் எப்படி நடக்கும் என்பது இதைப் படிக்கும் பலருக்குத் தெரியும். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் கையில் தாளோடு வந்திருப்பார். பெங்களூருவில் அந்தத் தாளில் பெரும்பாலும் ஜாப் கோடு இருக்கும்: வார்டு எண், ஆண்டு, வரிசை எண் என்று ஒவ்வொரு பணிக்கும் மாநகராட்சி தரும் அடையாளம். "இந்த எண்ணில் வடிகாலுக்குப் பில் போயிருக்கிறது, வடிகால் எங்கே சார்?" என்று அவர் கேட்பார். பதில் தெரிந்த உதவிப் பொறியாளர் போன மாதம்தான் மாறுதலாகிப் போயிருப்பார். அடுத்த கேள்வி சாக்கடை பொங்குவதைப் பற்றி. அது 1964-இல் உருவான குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை. வாரியத்திலிருந்து யாரும் வந்திருக்க மாட்டார்கள், அவர்களை வரவழைக்கும் அதிகாரமும் நாற்காலியில் இருப்பவருக்கு இல்லை. லேஅவுட் பற்றிக் கேட்டால் அது பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் (பிடிஏ) வேலை. அவருக்குத் தெரிந்த ஒரே பதில், "எழுதிக்கொள்கிறேன்". எழுதியும் கொள்வார். அடுத்த மாதம் அதே கேள்வி வரும்.

இதே அமைப்பு வேலை செய்த தருணமும் உண்டு. 2021 வாக்கில் வார்டுக்கு 60 லட்சம் ரூபாய் ஒதுக்கி, நடைபாதைக்கும் சாலைக் குழிக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்குமாக அதை எங்கே செலவிடுவது என்று கமிட்டியைக் கேட்டார்கள். நகரத்தின் பட்ஜெட்டில் அது சில்லறைக் காசு. ஆனாலும் எந்தத் தெருவுக்கு முதலில் என்ற வாக்குவாதத்தைக் கேட்கும் பொறியாளர் தன் வார்டைப் புதிதாகத் தெரிந்துகொள்கிறார். புகார் கேட்கும் கூட்டத்துக்கும் பணம் பங்கிடும் கூட்டத்துக்கும் இந்த அளவு வித்தியாசம்.

அந்த நாற்காலியில் நன்றாக உட்கார்ந்தவருக்கு என்ன கிடைத்தது? எதுவும் இல்லை என்பதே என் கணிப்பு. பதவி உயர்வு சீனியாரிட்டியில் வருகிறது. தண்டனை தணிக்கைத் தடையில் வருகிறது. மாறுதல் எங்கிருந்து வருகிறது என்பதை எல்லோரும் அறிவோம். பன்னிரண்டு மாதமும் கூட்டம் நடத்தி, எழுப்பிய கேள்விகளில் பாதிக்காவது பதில் தந்த அலுவலரின் பணிப்பதிவேட்டில் அதற்கென்று ஒரு வரி இல்லை. வேறு துறையிலிருந்து அயற்பணியில் வந்தவருக்கோ, திரும்பிப் போகும் நாள்தான் கணக்கு. இந்த நிலையில் 'மக்கள் பங்கேற்பு' பயிற்சிக்கு இரண்டு நாள் அனுப்பி வைப்பதில் என்ன பயன்? 

தலைமை என்றால் கமிஷனர் என்று நினைக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. வார்டை உண்மையில் அறிந்தவர்கள் கீழே இருக்கிறார்கள். எந்த வீட்டில் குப்பை பிரிக்கவில்லை, எந்த மூலையில் இரவில் லாரி கொட்டிவிட்டுப் போகிறது என்பது பௌரகார்மிகர் எனப்படும் தூய்மைப் பணியாளருக்குத் தெரிந்த அளவு எந்தச் செயலிக்கும் தெரியாது. தமிழும் தெலுங்கும் பேசும் தலித் குடும்பப் பெண்கள் அவர்களில் ஏராளம். ஒப்பந்தக்காரரின் கீழ் ஆண்டுக்கணக்கில் கழித்தவர்களில் 12,692 பேருக்கு 2025 மே முதல் நாளில் நிரந்தரப் பணி ஆணை கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் வார்டு கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு நாற்காலி போடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நிரந்தரமானவர் மேஸ்திரியாகவோ மேற்பார்வையாளராகவோ ஏற வழி என்ன என்ற பேச்சும் பெரிதாக எழவில்லை.

பெங்களூருவைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. சென்னையும் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கவுன்சில் இல்லாமல்தான் ஓடியது. வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-இல்தான் நமக்கு வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் தமிழ்நாட்டு முதல்வர் பம்மலில் பகுதி சபையில் உட்கார்ந்தார். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதற்குப் பிறகு உங்கள் வார்டில் எத்தனை கூட்டம் நடந்தது, அதன் தீர்மானப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆணையர்களிடம் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. வார்டுப் பொறியாளரையும் சுகாதார ஆய்வாளரையும் மூன்று ஆண்டு முடியும் முன் மாற்றாதீர்கள். மாற்றியே ஆகவேண்டுமென்றால், நிலுவைக் கேள்விகளின் பட்டியலை அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கச் சொல்லுங்கள். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் கூட்டம் நடத்தியதற்கும் பதில் தந்ததற்கும் ஒரு பத்தி சேருங்கள். குடிநீர் வாரியப் பொறியாளர் கூட்டத்துக்கு வருவதை உங்கள் கையெழுத்திட்ட கடிதத்தில் உறுதி செய்யுங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.