பாம்பின் இடத்தில் எங்களைக் குடிவைத்தது யார்?

போன ஐப்பசியில் நாங்கள் வேலை செய்யும் காலனி ஒன்றில் பாம்புக்கடி விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. பேச வந்தவர் நல்ல மனிதர், பாம்புகள் மீது உண்மையான அக்கறை உள்ளவர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கின் படங்களையும் காட்டிப் பொறுமையாக விளக்கினார். கடைசியில், "பாம்பு உங்க வீட்டுக்கு வரல. நீங்கதான் அதோட வீட்டுக்கு வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் கேட்டார்: "நாங்களாப்பா வந்தோம்? கொண்டாந்து வெச்சாங்க."

கூட்டம் அதோடு முடிந்துவிட்டது. ஆயாவின் கேள்வி முடியவில்லை.

அந்தக் காலனி எங்கே இருக்கிறது என்று சொன்னால் ஆயா கேட்டது புரியும். ஊர் மேட்டில் இருக்கிறது. ஊரைத் தாண்டி, சுடுகாட்டைத் தாண்டி, ஏரியின் கலிங்கல் பக்கம் தாழ்ந்த நிலத்தில் காலனி. மூன்று பக்கமும் நெல்வயல், நான்காவது பக்கம் சீமைக்கருவேலங்காடு. நெல் இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். ஆதிதிராவிடர்களுக்கு வீட்டுமனை கொடுக்க நிலம் எடுப்பதற்கென்றே 1978இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. ஊருக்குப் பக்கத்தில் மேட்டு நிலத்தைத்தான் முதலில் எடுக்கப் பார்த்தார்களாம். நிலக்காரர்கள் விடவில்லை. கடைசியில் யாருக்கும் வேண்டாத பள்ளம் எங்களுக்கு வந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இதை எந்த மாவட்டத்துக் காலனியில் கேட்டாலும் ஏறக்குறைய இதே கதைதான் கிடைக்கும்.

இப்படி இருக்கும்போது "மனிதன் பாம்பின் வாழிடத்தை ஆக்கிரமித்துவிட்டான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதை நாங்கள் ஏற்க மாட்டோம். எந்த மனிதன்? ஏரியை வளைத்துப் போட்டுப் பிளாட் போட்டவனும் மனிதன்தான். ஏரிக்கரையில் மூன்று சென்ட் காட்டி "இங்கே இரு" என்று சொல்லப்பட்டவளும் மனுஷிதான். இருவரையும் ஒரே சொல்லில் போட்டு மூடுவது சூழலியல் ஆகாது. சாதியைப் பார்க்க மறுப்பதுதான் அது.

அன்று விநியோகித்த துண்டறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு காலனியில் நான்கு பேரோடு உட்கார்ந்து படித்தோம். ஒவ்வொரு வரிக்கும் அவர்கள் சொன்ன பதில் எங்கள் முதுகலைப் படிப்பில் எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராதது.

"வீட்டைச் சுற்றிக் குப்பை, விறகு, வைக்கோல் சேரவிடாதீர்கள்." காலனி முகப்பில் இருக்கும் குப்பைமேடு காலனியுடையது அல்ல. ஊர்க் குப்பையைக் கொண்டுவந்து கொட்டும் இடம் அது. வைக்கோல் போரும் எங்களுடையது அல்ல. நிலக்காரர் தன் களத்தில் இடமில்லை என்று எங்கள் பொதுவழியில் போட்டு வைத்திருக்கிறார். எடுக்கச் சொன்னால் அடுத்த போகத்துக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்.

"தரையில் படுக்காதீர்கள், கட்டிலில் படுங்கள்." தொகுப்பு வீட்டின் ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள். கட்டில் போட்டால் இருவர் படுக்கலாம். மற்ற நால்வர் கட்டிலுக்கு அடியில் படுப்பதா?

"சுவரில் விரிசல், கதவடியில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்." முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒப்பந்தக்காரர் கட்டிக் கொடுத்த வீடு. கூரைக் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. கதவு கரையான் தின்று பாதிதான் இருக்கிறது.

"இரவில் வெளியே போகும்போது டார்ச் எடுத்துச் செல்லுங்கள்." எதற்கு இரவில் வெளியே போகிறார்கள் என்று துண்டறிக்கை கேட்கவில்லை. கழிப்பறை கட்டினார்கள், தண்ணீர் கொடுக்கவில்லை. அதனால் அதில் இப்போது விறகு கிடக்கிறது. விறகுக்குள் பாம்பு இருக்குமோ என்று பயந்து பெண்கள் கருவேலங்காட்டுக்குப் போகிறார்கள், அங்கேயும் பாம்பு. பொழுது விடிவதற்கு முன்பும் இருட்டிய பிறகும்தான் போக முடியும். அந்த நேரம்தான் பாம்பு இரை தேடும் நேரம். தெருவிளக்கு ஊரின் கடைசி வீட்டோடு நின்றுவிடுகிறது.

"காலணி அணியுங்கள்." இந்த வரியைப் படித்ததும் ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். ஊர்த்தெரு வரும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்ற கட்டளையின் கீழ் வளர்ந்தவர் அவர். பழைய கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்து ராஜாவூரில் தலித் மக்கள் ஒரு தெருவில் செருப்புக்காலோடு நடந்து தடையை உடைத்தது 2023 டிசம்பரில்தான். காலில் செருப்பு போடாதே என்று தலைமுறை தலைமுறையாக அடித்துச் சொன்ன சமூகம், இப்போது "பாம்பு கடிக்கும், செருப்பு போடு" என்று துண்டறிக்கை அச்சிடுகிறது. களை பறிக்கவும் கரும்பு வெட்டவும் கூலிக்குப் போகிறவர்களுக்கு முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்த ஒரு நிலக்காரரையும் நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. கண்ணாடி விரியன் கடிப்பது அந்தக் காலைத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே காலனியில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். கைக்குழந்தையோடு தரையில் படுத்திருந்தவள். விடியற்காலை மூன்று மணிக்கு வயிற்றுவலி என்றாள். ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்துச் சுக்குத்தண்ணி கொடுத்தார்கள். ஐந்து மணிக்கு இமை தொங்கிவிட்டது, பேச்சு குழறியது. அப்போதுதான் பாயை உதறினார்கள். கட்டுவிரியன். ஆம்புலன்ஸ் ஊர்வரைக்கும் வந்தது. அங்கிருந்து காலனிக்கு வரும் பாதை மழையில் சேறு. பாயிலேயே போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முதலில் போன இடத்தில் மருந்து போட ஆளில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். வழியில் மூச்சு நின்றது. உடலை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து மதியத்துக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். போலீசுக்குப் போகவில்லை, பிரேதப் பரிசோதனை இல்லை. பிறகு நிவாரணம் கேட்டுப் போனபோது, பாம்பு கடித்துத்தான் செத்தாள் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள்.

அந்தக் குழந்தைக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. பாட்டிதான் வளர்க்கிறார். கூட்டத்தில் கேள்வி கேட்ட ஆயா அவர்தான்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம். பெரும்பாலும் கிராமத்து மனிதர்கள், பெரும்பாலும் மழைக்காலத்தில். உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் சாவுகளைப் பாதியாகக் குறைப்போம் என்று 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு தேசிய செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இனி அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். இது நல்ல முடிவு, வரவேற்கிறோம். ஆனால் அந்தக் கணக்கைச் சாதிவாரியாக, ஊரா காலனியா என்று வசிப்பிடவாரியாக எடுத்து வெளியிடுங்கள் என்கிறோம். ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் எத்தனை சாவு வித்தியாசம் என்று அப்போது எல்லோருக்கும் தெரியட்டும். ஆஸ்பத்திரிக்கு வந்து சேராமலே பாயோடு புதைக்கப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் வர வழி என்ன என்பதையும் யோசியுங்கள்.

இருளர் மக்களைப் பற்றிச் சொல்லாமல் பாம்பைப் பற்றிப் பேசக்கூடாது. நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978இல் தொடங்கிய சங்கம். பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது எல்லாச் சேனலும் பேட்டி எடுத்தது. எங்களுக்கும் பெருமைதான். ஆனால் நாங்கள் பார்த்த இருளர் குடியிருப்புகளில் பட்டா இல்லை, சாதிச் சான்றிதழுக்குப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் அலைகிறார்கள். ஊர்க்காரர் வீட்டுக் கிணற்றில் நாகம் விழுந்தால் நடுராத்திரியில் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். பிடித்துக் கொடுத்தால் ஐம்பது ரூபாயும் பழைய சட்டையும். பாம்பைத் தொட்ட கையால் தண்ணீர் கேட்டால் சொம்பு வராது, மேலே தூக்கி ஊற்றுவார்கள். அந்தக் கை எடுத்துக் கொடுத்த நஞ்சிலிருந்து வந்த மருந்துதான் ஊர்க்காரர் உடம்பிலும் ஏறுகிறது.

ஊர் வேப்பமரத்தடிப் புற்றுக்கு வேலி உண்டு, விளக்கு உண்டு, வெள்ளிக்கிழமை பாலும் முட்டையும் உண்டு. அதே பாம்புக்குக் கிடைக்கும் மேட்டு நிலமும் விளக்கும் எங்கள் காலனிக்கு இல்லை.

நம் மக்களிடமும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம். மந்திரிக்கப் போகாதீர்கள். ஆஸ்பத்திரியில் நம்மை நடத்தும் விதம் தெரிந்துதான் நீங்கள் பக்கத்துத் தெரு வைத்தியரிடம் போகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் மந்திரத்தில் பிழைத்தவர்கள் எல்லாம் நஞ்சு ஏறாத கடி பட்டவர்கள், அல்லது நஞ்சில்லாத பாம்பு கடித்தவர்கள். கடித்த இடத்துக்கு மேலே கயிறு கட்டாதீர்கள், கத்தியால் கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு, மெட்டி எதுவானாலும் கழற்றிவிடுங்கள், கால் வீங்கும். கடிபட்ட கைகாலை அசைக்காமல் குச்சி வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள், நடக்க விடாதீர்கள். 108 வரத் தாமதமானால் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கடிவாய் தெரியவில்லை, வலியும் இல்லை என்பதற்காக உட்கார்ந்துவிடாதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் அப்படித்தான் இருக்கும். தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்றால், இமை இறங்கினால், பாம்பைப் பார்க்காவிட்டாலும் பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள். பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டு எடுத்துப்போக வேண்டியதில்லை. இந்த நான்கு பாம்புகளுக்கும் இங்கே கிடைப்பது ஒரே மருந்துதான். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. செய்தீர்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இறந்துவிட்டால், மனசு எவ்வளவு உடைந்திருந்தாலும், புகார் பதிந்து பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகே அடக்கம் செய்யுங்கள்.

வீட்டுக்குள் பாம்பைப் பார்த்தால் பிள்ளைகளை வெளியேற்றிவிட்டு, ஒருவர் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் செய்யுங்கள். பிடிக்க வருவது அவர்கள் வேலை. "காலனியா? அடிச்சுப் போட்டுடுங்கப்பா" என்று பதில் வந்தால் யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்து எங்களிடம் கொடுங்கள். இந்தப் பதிலை நாங்களே காதால் கேட்டிருக்கிறோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பை அடிப்பது குற்றம் என்று கூட்டத்தில் எச்சரிக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்று தற்காப்புக்காகச் செய்ததற்கு அதே சட்டத்தில் விலக்கு இருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? குழந்தை படுத்திருக்கும் பாய்க்குப் பக்கத்தில் நாகம் நிற்கும்போது தடியை எடுத்தவரைக் குற்றவாளி என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அதே சமயம் சாரையை அடிக்காதீர்கள். அது எலியைத் தின்கிறது, நஞ்சு இல்லை, காலனிக்கு அதைவிட நல்ல காவல்காரன் கிடையாது.

ஆயாவின் கேள்வியை அப்படியே முதல் வரியாகப் போட்டு மனு எழுதினோம். பாதைக்குத் தார், காலனி முழுக்கத் தெருவிளக்கு, கழிப்பறைகளுக்குத் தண்ணீர்க் குழாய், குப்பைமேட்டையும் வைக்கோல் போரையும் அகற்றுவது, தொகுப்பு வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டுவது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் விஷமுறிவு மருந்தும் அதைப் போடத் தெரிந்த ஆளும். அறுபத்திரண்டு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. தெருவிளக்குக் கம்பம் மூன்று மட்டும் வந்து காலனி முகப்பில், அதே வைக்கோல் போருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நட ஆள் வரவில்லை. வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறோம். ஆயாவும் வருகிறார், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு.