பழைய ஆட்டமும் பழைய ஒளியும்

திருக்கழுக்குன்றத்து மலையில் பல்லவர் குடைவித்த ஒருகல் மண்டபம் உள்ளது. அத்தகைய குடைவரைகளின் புடைப்புச் சிற்பங்கள் பக்கவாட்டில் ஒளி பட்டு நிழல் விழும்போதே உயிர் பெறுகின்றன. நேரெதிரே கண்கூசும் விளக்கைப் பிடித்தால் அதே சிற்பம் தட்டையாகத் தோன்றும். கலைப்பொருளைக் காப்போர் அதனைக் காணும் முறையையும் காத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

இவ்வுண்மை கணினி விளையாட்டுக்கும் பொருந்தும் என்றால் பெரியோர் சிலர் புன்னகைக்கக்கூடும். எனினும், இளமையில் 'டி.வி. கேம்' ஆடிய ஒரு தலைமுறை இன்று பெற்றோராகிவிட்டது. அவர்கள் ஆடியது படக்குழாய்த் தொலைக்காட்சியில். தமிழக அரசு 2006 முதல் இலவசமாக வழங்கிய 14 அங்குலப் பெட்டிகளும் அவ்வகையினவே.

1985இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ' காட்சி, அகலத்தில் 256, உயரத்தில் 240 புள்ளிகளால் ஆனது. படக்குழாய் அப்புள்ளிகளைக் கசியவிட்டு இணைத்தது. 1991இல் வந்த 'சோனிக்' விளையாட்டின் அருவி, இடைவெளி விட்ட நெடுங்கோடுகளால் வரையப்பட்டது. அன்றைய பெட்டியில் அது ஊடுருவித் தெரியும் நீராயிற்று. இன்றைய திரையில், எமுலேட்டர் வழியே பார்த்தால், சீப்பின் பற்களாக நிற்கிறது.

இக்குறையைத் தீர்ப்பதே 'ஷேடர்' என்னும் சிறு நிரல். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் கணக்கிட்டு, வரிகளுக்கிடையே இருளையும், செம்மை பச்சை நீலப் பொட்டுகளையும், ஒளிக்கசிவையும் அது மீட்டுத் தருகிறது. 2160 வரிகள் கொண்ட புதிய திரையில் பழைய வரி ஒன்றுக்கு ஒன்பது வரிகள் கிடைப்பதால், இந்நுணுக்கம் இன்று நன்கு கைகூடுகிறது.

இது போலி ஒப்பனை என்பார் உளர். ஓலை கிழியும் என்றஞ்சி ஏடெழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாது விட்டனர். பதிப்பாசிரியர் அப்புள்ளியை இட்டபோது புலவர் வாக்குக்கு ஊறு நேர்ந்ததென எவரும் கருதவில்லை. ஷேடரும் அத்தகைய பதிப்புப் பணியே என்பது எம் கருத்து.

ஆயினும் பதிப்புக்கு மூலம் வேண்டும். கோடுகளை மிகக் கருமையாக்கியும், கண்ணாடியை அளவு மீறி வளைத்தும் காட்டுவது பாடபேதமன்று, பிழை. அதனை ஒப்பிட்டுத் திருத்த மெய்யான படக்குழாய் ஒன்று கண்முன் இருத்தல் வேண்டும். அவையோ காயலான் கடைக்குச் சென்றுகொண்டிருக்கின்றன. ஏட்டுச்சுவடியைப் போற்றும் கல்லூரிகள், இயங்கும் நிலையிலுள்ள ஒரு பெட்டியையேனும் பேணட்டும். மூலம் அழிந்தபின் எந்தப் பதிப்பையும் சரிபார்க்க இயலாது.